முன்னூற்றுப் பதினொன்று

ஒன்று குறைகிறது. மறுபடியும் எண்ணினேன், குறையத்தான் செய்கிறது. ஜெரால்ட் அனுப்பிய பட்டியலில் முன்னூற்றுப் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. சர்வர் திறந்து பார்க்கிற மூட்டைகளோ முன்னூற்றுப் பன்னிரண்டு. அது எனக்கு மனப்பாடம், ஆறு வருடமாக அந்த எண் திரையில் ஓடி முடிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாராவது என்றால் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைக்கலாம். ஜெரால்டைப் பற்றி அப்படி நினைக்க முடியாது. சாப்பாட்டு டப்பாவைக் கழுவினால் மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைத் தனியாகக் கழற்றித் துடைத்துக் காய வைக்கிற ஆள் அவன். அப்படிப்பட்டவன் ஒன்றை விட்டிருக்கிறான் என்றால் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். யாருக்கு வைத்த கண்ணி இது? இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ‘சம்மதம்’ என்ற பட்டனை அமுக்க வேண்டியவள் இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். படிக்காமல் அமுக்குகிறேனா என்று பார்க்கிறான். நாளைக் காலையில் மேலாளர் ரகோத்தமன் முன்னால் நின்று, ‘ஒண்ணு கம்மியா இருந்துச்சு சார், அக்கா கவனிக்கல போல’ என்று தலையைச் சொறிந்துகொண்டே, எனக்காக வருத்தப்படுகிற மாதிரி சொல்வான். இப்போது மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறான், காதில் ஹெட்போன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு இந்த மாடியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை, ஆனால் ஏசி மட்டும் இருநூறு பேருக்கு உண்டான குளிரை எங்கள் தலையில் இறக்கிக்கொண்டிருக்கிறது. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். எதற்குப் பார்த்தான் என்று தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி, அதன் ரத்தப் பரிசோதனை லேபுக்கு ஒரு மென்பொருள், அதை ஓட்டுகிற சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாதம் ஒரு முறை புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். ஏற்றினால் சர்வர் படுத்து எழ முப்பத்தெட்டு நிமிடம் ஆகும், அந்த முப்பத்தெட்டு நிமிடமும் அங்கே எல்லாவற்றையும் கையால் எழுதுவார்கள். ஏன் அவ்வளவு நேரம்? நிரல் எழுதுகிறவர்கள் சில நிரல்களின் தலையில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவது வழக்கம், அனோட்டேஷன் என்போம், ‘நீ எழும்போது என்னையும் எழுப்பு’ என்று அதில் இருக்கும். யார் தலையில் சீட்டு இருக்கிறது என்று தெரியாத சர்வர், எழும்போதெல்லாம் நிரல்களைக் கட்டி வைத்த எல்லா மூட்டைகளையும், ஜார் என்போம், அவிழ்த்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு நிரலின் தலையையும் தடவிப் பார்க்கிறது. எங்கள் சொந்த நிரல்களையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதிக் கொடுத்தாயிற்று, அவற்றைத் தேடவே வேண்டாம். இந்த முன்னூற்றுப் பன்னிரண்டு மூட்டைகளும் வெளியாட்களுடையவை, தேதியைக் கூட்டிக் கழிக்க, படம் வரைய, பிடிஎஃப் செய்ய என்று உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்ததை நாங்கள் எடுத்துப் போட்டுக்கொண்டது. அவற்றில் எங்களுக்கான சீட்டு எப்படி இருக்கும்? இருக்காது. இருந்தாலும் திறந்து பார்க்கும். அப்படி ஒரு சந்தேகப் பிராணி. ‘இவற்றைத் திறக்காதே’ என்று ஒரு கோப்பில் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டால் நான்கே நிமிடத்தில் எழுந்துவிடும் என்று கண்டுபிடித்தவன் ஜெரால்ட், எங்கள் அணிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்பது இந்தத் தொழிலில் யாரும் மீறாத சட்டம். அதனால் இன்றைக்கு முதலில் புதிய பதிப்பைப் பழைய முறையிலேயே ஏற்றுகிறோம், அது எழுந்து நின்றதும் ஜெரால்டின் பட்டியலைப் போட்டு இன்னொரு முறை எழுப்ப வேண்டும். முதலாவது ஓடிக்கொண்டிருக்கிறது. எண்பத்தாறாவது மூட்டை, எண்பத்தேழாவது மூட்டை. அது முடிவதற்குள் நான் பட்டியலைப் படித்துச் சம்மதம் சொல்ல வேண்டும்.

‘அக்கா, இது ஏன் முப்பத்தெட்டு நிமிஷம் எடுக்குது?’ என்று வந்த இரண்டாவது வாரமே கேட்டான். ‘எடுக்கும்’ என்றேன். ‘இல்லக்கா, எதுக்குன்னு…’ ‘பெரிய சர்வர்ப்பா, எடுக்கும்.’ அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு மாதம் கழித்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான்கு வரைபடங்களோடு வந்து நின்றான். ரகோத்தமன் பார்த்துவிட்டு, ‘ஆறு வருஷமா இது யாருக்குமே தோணலையா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யாருக்குமே என்றால் யாருக்கு? ஆறு வருடமும் அந்த இடத்தில் இருந்தவள் நான் மட்டும்தான். சிரித்துக்கொண்டே கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. போன மார்ச்சில் என்னோடு வேலை பார்த்த கலைவாணியையும் சிரித்துக்கொண்டேதான் வேலையை விட்டு அனுப்பினார்கள், ‘உங்க அனுபவத்துக்கு வெளியில பெரிய இடமெல்லாம் காத்திருக்கு’ என்று. ஒன்றும் காத்திருக்கவில்லை, மடிப்பாக்கத்தில் வீட்டில் இருக்கிறாள், காலையில் எழுந்து யாருக்கு வணக்கம் சொல்வது என்று தெரியாமல் எல்லோருக்கும் வாட்ஸப்பில் வணக்கம் அனுப்புகிறாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்கு நாற்பத்தாறு. ஜெரால்ட் வேலை பழக வந்தானா, என் நாற்காலிக்கு அளவெடுக்க வந்தானா? நான்கு சனிக்கிழமை தனியாக வந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறான், செக்யூரிட்டி சொன்னார். அவராகச் சொல்லவில்லை, நான் கேட்டுத்தான் சொன்னார். சனிக்கிழமைகளில் ஒருவன் எதைத் தேடுவான்? இருநூறு மேசைகளும் காலியாக இருக்கும்போது ஒருவன் எதை வேண்டுமானாலும் தேடலாம்.

வீட்டில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. பால் பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன், மகள் ‘தோழி வீட்டில் இருக்கிறேன்’ என்றால் தோழியின் அம்மாவிடமும் பேசுவேன், ‘நீ போலீஸுக்குப் போயிருக்கணும் கோதை’ என்பார் என் கணவர் சௌந்தரபாண்டியன். இரண்டு வருடம் முன்னால் அவர் போனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது, பாத்ரூமில், சிக்னலில் வண்டி நிற்கும்போது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? ஒரு நாள் அவர் மாமல்லபுரம் வரை நண்பர்களோடு சைக்கிளில் போனபோது போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தேன். அவருடைய பள்ளிக்கூடத்துக் குழு, அறுபத்து மூன்று பேர், தினமும் காலையில் ஒருவர் ரோஜாப்பூப் படம் அனுப்ப, இவர் செம்பருத்திப் படம் அனுப்புகிறார். கணக்கு வாத்தியாருடைய பழைய போட்டோவுக்கு மீசை வரைந்து அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, இவ்வளவு சாமர்த்தியமாக அழித்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இல்லை, ஒன்றும் அகப்படவில்லையே என்று கோபம்தான் இருந்தது. திரையில் நூற்றிருபதாவது மூட்டை. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ‘சீட்டுகள்: பூஜ்யம்’ என்று வருகிறது, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அதற்கும் சலிக்கவில்லை.

‘மேடம், முடிஞ்சுதா?’ என்று காதில் மெஹருன்னிசாவின் குரல். சேலத்து லேபின் பொறுப்பாளர் அவர், சர்வர் படுத்திருக்கிற நேரம் முழுக்க எங்களோடு போனில் இருப்பார். ‘இன்னும் இருபது நிமிஷம்மா.’ ‘சரி மேடம், நாங்க எழுதிக்கிட்டுத்தான் இருக்கோம்’ என்றார். பின்னால் யாரோ கண்ணாடிக் குழாய்களை எடுத்து வைக்கிற சத்தம், ஸ்டூல் இழுபடுகிற சத்தம். அவரை நான் ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன், ஆரம்பத்தில், இந்த மென்பொருளைப் பழக்கிக் கொடுக்கப் போனபோது. பூப்போட்ட புர்காவின் மேல் வெள்ளைக் கோட்டு, பையில் நான்கு பேனா. என்ன மாதிரி ரிசல்ட் வந்தால் உங்களுக்குப் பதற்றமாக இருக்கும் என்று கேட்டேன். பொட்டாசியம் என்றார். அதன் அளவு ஏழைத் தொட்டால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், உடனே வார்டுக்குச் சொல்லியாக வேண்டும், ஆனால் வார்டில் போனை எடுப்பதற்குள் இங்கே பத்துக் குழாய் சேர்ந்துவிடுகிறது என்றார். சென்னைக்குத் திரும்பி வந்து அதற்காகவே ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆபத்தான அளவு வந்தால் லேபில் யாரும் கையைக்கூட அசைக்க வேண்டாம், டியூட்டி டாக்டரின் போனுக்குச் செய்தி தானாகப் போய்விடும். எழுபது வரி இருக்கும். அதை எழுதிய வாரம்… இந்த இடத்தில் என்னவோ ஒன்று இடறியது, என்னவென்று பார்க்காமல் டீ மெஷின் பக்கம் எழுந்து போனேன். இஞ்சி டீ என்று எழுதியிருக்கும், இஞ்சியைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஜெரால்டின் மேசையைக் கடக்கும்போது அவன் திரையை ஓரக்கண்ணால் பார்த்தேன். என் திரையில் ஓடுகிற அதே வரிகள்தான் அங்கேயும் ஓடின.

உட்கார்ந்து, அவன் பட்டியலை இடது பக்கமும் சர்வரின் பட்டியலை வலது பக்கமும் வைத்தேன். ஒரு கட்டளை அடித்தால் வித்தியாசத்தை மெஷினே சொல்லிவிடும். அடிக்கவில்லை. விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு வந்தேன், எதற்காக இப்படிச் சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை, மெஷினைக் கேட்டால் அதைக் கேட்டதுகூட ஒரு இடத்தில் பதிவாகும், பதிவானதை ஜெரால்ட் பார்ப்பான் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அகரவரிசையில் போகிறது பட்டியல். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. கண்ணி எங்கே வைத்திருப்பான்? நடுவில் வைத்திருக்க மாட்டான், நடுவில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். ஆரம்பத்திலேயே வைத்திருப்பான். பதினான்கு, பதினைந்து. யாரோ ஒரு வெள்ளைக்காரன் நாய்க்குட்டியின் பெயரைத் தன் நிரலுக்கு வைத்திருக்கிறான். பதினெட்டு. பத்தொன்பது, இடது பக்கத்தில் படம் வரைகிற மூட்டை, வலது பக்கத்தில் பார்கோடு அச்சடிக்கிற மூட்டை. விரல் நின்றுவிட்டது. பார்கோடு மூட்டை அவன் பட்டியலில் இல்லை. கழுத்தின் பின்பக்கம் திடீரென்று வியர்த்தது, அவ்வளவு குளிரிலும் வியர்த்தது. ஓடிக்கொண்டிருந்த வரிகளை நிறுத்தி மேலே, மேலே, பத்தொன்பதாவது வரிக்குப் போனேன். இந்த ஒரு வரியின் கடைசியில் மட்டும் ‘சீட்டுகள்: ஒன்று’ என்று இருந்தது. ஆறு வருடமாக மாதாமாதம் என் கண் முன்னால் ஓடிய வரி, அது ஓடுகிற நேரத்தில் எப்போதும் எனக்கு ஒரு வேலை வந்துவிடும், தண்ணீர் குடிக்கப் போவேன், இல்லாவிட்டால் போனைப் பார்ப்பேன்.

அந்தச் சீட்டு நான் ஒட்டியது. செய்தி அனுப்புகிற நிரலை எழுதி முடித்த வாரம் எங்கள் சொந்த மூட்டைகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள், ஃப்ரீஸ் என்பார்கள், ஆண்டுக் கடைசி, எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். பதிவேட்டையும் சேர்த்துத்தான். அப்போது குழாய்களில் ஒட்டுகிற பார்கோடு கோணலாக அச்சாகிறது என்று ஒரு புகார், அதற்காக அந்த ஒரு வெளியாள் மூட்டையை மட்டும் மாற்றலாம் என்று அனுமதி இருந்தது. ஆஸ்பத்திரியோ, செய்தி எங்கே, செய்தி எங்கே என்று தினமும் கேட்கிறது. என் எழுபது வரியை மடித்து பார்கோடு மூட்டைக்குள் செருகினேன். தலையில் சீட்டை ஒட்டிவிட்டால் சர்வர் எப்படியும் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிற ஜென்மம்தானே, கண்டுபிடித்து எழுப்பிக்கொள்ளும். எழுப்பிக்கொண்டது. நிரலின் மேலே என் பெயரை எழுதி, ஒரு வாரத்துக்கு மட்டும் என்றும் எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்து மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், அடுத்த வாரமும் நினைத்தேன், அப்புறம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், மகளுக்குப் பத்தாம் வகுப்பு, அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டேன். ‘ஏன் முப்பத்தெட்டு நிமிஷம்’ என்று கேட்டபோது ‘எடுக்கும்’ என்று சொன்னது எனக்குக் காரணம் தெரியாததாலா? தெரியும். முன்னூற்றுப் பதினொன்றைச் சும்மா திறக்கிறது என்றும் தெரியும், ஒன்றைச் சும்மா திறக்கவில்லை என்றும் தெரியும். திறக்காதே என்று சொல்லப் போனால் அந்த ஒன்றைப் பற்றி நான் வாயைத் திறக்க வேண்டும், அதற்கு இந்த முப்பத்தெட்டு நிமிடமே மேல் என்று இருந்துவிட்டேன். சோதனை சர்வரில்கூட இது வெளியே வராது, டாக்டர்களின் போனுக்குப் பொய்ச் செய்தி போய்விடக் கூடாது என்று அங்கே செய்தியை அணைத்து வைத்திருக்கிறோம். எழுந்திருக்காவிட்டால் ஒரு பிழையும் காட்டாது. ஒரு நிரல் எழவில்லை என்று யார் சொல்வது, எழாத நிரலா சொல்லும்?

அப்படியானால் அவனுக்குத் தெரியும். நான்கு சனிக்கிழமையும் உட்கார்ந்து முன்னூற்றுப் பன்னிரண்டையும் கையால் திறந்து பார்த்திருக்கிறான், சர்வரைப் போலவே. என் பெயரைப் பார்த்திருக்கிறான், ஒரு வாரத்துக்கு மட்டும் என்பதைப் பார்த்திருக்கிறான், தேதியைப் பார்த்துச் சிரித்திருப்பான். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை, பட்டியலில் அதை மட்டும் சேர்க்காமல் எனக்கு அனுப்பியிருக்கிறான். ஏன் சொல்லவில்லை? நல்லவன் என்றால் சொல்லியிருக்க மாட்டானா? கையில் வைத்துக்கொண்டிருக்கிறான். ஏப்ரலில் மதிப்பீடு வரும், அப்போது எடுப்பான். அல்லது எடுக்கவே மாட்டான், எடுப்பானோ எடுப்பானோ என்று நான் தினமும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது. இந்த நான்கு மாதமாக ‘அக்கா டீ வேணுமா’ என்று கேட்டானே, அதற்கெல்லாம் இப்போது வேறு அர்த்தம் தெரிகிறது. ஆனால் இப்படியே சம்மதம் கொடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. முன்னூற்றுப் பதினொன்றைத் திறக்காது, ஒன்றைத் திறக்கும், செய்தி போகும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். பட்டனை அமுக்கினேன். அமுக்கிய கையோடு, ரொம்ப நன்றாகத் தெரிந்துதான் இவன் எனக்கு இந்த வழியை விட்டு வைத்திருக்கிறான் என்று எரிச்சலாக வந்தது. பதினொன்று பத்துக்கு சர்வர் எழுந்துவிட்டது என்று பச்சை வரி வந்தது, ‘வந்துடுச்சும்மா, இன்னும் ஒரே ஒரு தடவை, அஞ்சே நிமிஷம், அதுவரைக்கும் கையாலயே எழுதுங்க’ என்றேன் மெஹருன்னிசாவிடம்.

அந்த நேரம் பார்த்து ரகோத்தமன் போனில் சேர்ந்தார். காரில் இருந்து பேசுகிறார், இண்டிகேட்டர் சத்தம் கேட்டது. ‘ஜெரால்ட், ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு கிளையண்ட்டுக்குக் காட்டப் போற ஸ்லைடைப் பார்த்தேன். முன்னூத்திப் பன்னெண்டுல முன்னூத்திப் பதினொண்ணு ஸ்கிப் பண்றோம்னு இருக்கே, அது என்ன ஒண்ணு மட்டும் தொங்கிட்டு இருக்கு?’ நான் அசையவில்லை. இதோ, இப்போது சொல்லிவிடுவான். இதற்காகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தான், மேலாளர் முன்னால், ஆஸ்பத்திரி முன்னால், ஒரே கேள்வியில். ஜெரால்ட் ஹெட்போனைக் கையால் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். ‘அது இருக்கட்டும் சார்’ என்றான். ‘ஏன்?’ ‘பார்கோடு ஜார் சார். அதைத் திறந்தா ரெண்டு செகண்டுதான்.’ ‘ரெண்டு செகண்ட் பிரச்சினை இல்லப்பா. ஜீரோன்னு போட்டா அழகா இருக்கும்ல? காரணம் என்ன?’ ‘காரணம்னு… எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு சார்.’ ‘பயமா? நாலு மாசமா இதைப் பண்ணிட்டு பயமா இருக்குங்கறே. கிளையண்ட் கேட்டா பயம்னா சொல்றது? எல்லாத்தையும் முழுசா பாத்தியா இல்லையா நீ?’ ஜெரால்ட் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினான். அவனுடைய காது மடல் சிவந்திருந்தது, மூன்று மேசை தள்ளி எனக்குத் தெரிந்தது. ரகோத்தமன், ‘சரி விடு. பூங்கோதை, நீங்க சொல்லுங்க. அந்த ஒண்ணையும் சேர்த்துடலாம்ல? வெளியாள் ஜார்தானே அது?’ என்றார்.

வெளியாள் ஜார்தான் சார் என்று நாக்கு நுனியில் இருந்தது. சேர்த்துவிடலாம். நாளைக்கே, திங்கட்கிழமையே நான் அந்த எழுபது வரியை எடுத்து எங்கள் சொந்த மூட்டையில் போட்டு, பதிவேட்டிலும் எழுதி, சத்தமில்லாமல் ஏற்றிவிடலாம், ஒரு நாள்தானே. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பொட்டாசியம் ஏழைத் தொடும்? சொன்னால் என்ன ஆகும்? ‘ஆறு வருஷமாவா?’ என்பார், சிரித்துக்கொண்டே. கலைவாணி தினமும் அனுப்புகிற அந்த வணக்கத்தை நானும் அனுப்ப ஆரம்பிப்பேன். ஏன் ஜெரால்ட் சொல்லாமல் இருக்கிறான்? நான் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறானா, சொல்ல மாட்டேன் என்று தெரிந்து விட்டிருக்கிறானா? அவன் முகத்தில் இருந்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அப்போது மெஹருன்னிசாவின் குரல் கேட்டது, எங்களிடம் இல்லை, வேறு யாரிடமோ, மைக்கை அணைக்க மறந்துவிட்டார். ‘ஏழு புள்ளி மூணு. ஆமா, திரும்பவும் போட்டுப் பாத்துட்டேன். ஏழாவது வார்டுக்கு மூணு தடவை அடிச்சுட்டேன், சிஸ்டர் எடுக்கவே இல்லை. நீ படியில ஏறி ஓடு பர்வீன். லிஃப்ட்டுக்கு நிக்காத, ஓடு.’ செருப்புச் சத்தம் ஒன்று தடதடவென்று தூரத்தில் போய்த் தேய்ந்தது.

‘வெளியாள் ஜார்தான் சார், ஆனா அதுக்குள்ள இருக்கிறது நான் வச்சது’ என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. ‘பொட்டாசியம் செய்தி அனுப்பற புரோகிராம். ஆறு வருஷம் முன்னாடி ஃப்ரீஸ் நேரத்துல குறுக்கு வழியில அங்க போட்டேன். மாத்தறேன்னு மாத்தல. அதைத் திறக்காதேன்னு சொன்னா சர்வர் நல்லா எழுந்துடும், செய்தி மட்டும் போகாது. போகலைன்னு யாருக்கும் தெரியாது.’ ரகோத்தமன் சிரிக்கவில்லை. ‘ஜெரால்டுக்கு இது தெரியுமா?’ என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், ‘தெரியும் சார்’ என்றான் அவன். ‘நீங்க ரெண்டு பேரும் நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு என் ரூமுக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டு ரகோத்தமன் போனை வைத்துவிட்டார். ‘மேடம்’ என்றார் மெஹருன்னிசா, ‘எனக்கு நீங்க பேசினது ஒண்ணும் புரியல. அந்த மெசேஜ் நாளையிலிருந்தும் வரும்ல?’ ‘வரும்மா. இன்னும் அஞ்சு நிமிஷத்துல இருந்தே வரும்.’ ‘அது வந்தா போதும்’ என்றார். அந்த ஏழாவது வார்டு நோயாளி என்ன ஆனார் என்று கேட்டேன். பர்வீன் போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போதுதான் வார்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள், டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்.

முன்னூற்றுப் பதினொரு பெயர்களோடு சர்வரை மறுபடி எழுப்பினோம். மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. திறக்கப்பட்டவை: ஒன்று, சீட்டுகள்: ஒன்று. ஜெரால்ட் ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். அவனுக்கும் நாளைக்குத் திட்டு விழப்போகிறது, தெரிந்தும் சொல்லவில்லை என்று. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அவன் மேல் கோபமாகவும் இருந்தது. ‘எப்பத் தெரியும் உனக்கு?’ என்றேன். ‘மூணு வாரம் ஆச்சுக்கா.’ ‘மூணு வாரமா வச்சுக்கிட்டு என்ன பண்ணின? எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன? யார்கிட்டச் சொல்லலாம்னு காத்திருந்தியா?’ அவன் என்னைப் பார்த்தான். நான்கு மாதத்தில் அவன் என்னை நேராகப் பார்த்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை, அல்லது நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். ‘வந்தேன்க்கா, மூணு தடவை வந்தேன். நின்னுக்கிட்டே சொல்ற விஷயம் இல்லையேக்கா அது. நீங்க ஒரு தடவைகூட என்னை உட்காரச் சொல்லல.’

என் பக்கத்து நாற்காலியில் கைப்பை இருந்தது, அதன் மேல் குடை, அதன் மேல் சாப்பாட்டுக் கூடை. இந்த இடத்துக்கு வந்த நாளிலிருந்து என் சாமான்கள் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன்.